நாட்பட்ட நுரையீரல் நோயிலும் அதன் மருத்துவத்திலும் மரபணு வேறுபாடுகளின் பங்கு: சென்னைக் காசநோய் ஆய்வுகளை முன்வைத்துக் கடலூர் – சிதம்பரம் பகுதிக்கான விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாட்பட்ட நுரையீரல் நோய் யாரை எளிதில் பற்றும், பற்றியபின் எம்மருந்து யாருக்கு எந்த அளவில் பயன் தரும் என்பவற்றில் மரபணு வேறுபாடுகளுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அப்பங்கு தனித்து வெளிப்படுவதில்லை. சுவாசிக்கும் புகை, மருந்தின் அளவு, ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் இடையிலுள்ள கால இடைவெளி ஆகியவற்றோடு சேர்ந்தே அது வெளிப்படுகிறது. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தின் ஐசோநியசிட் ஆய்வுகள் இவ்வுண்மையைத் தென்னிந்திய நோயாளிகளிடமிருந்தே நிறுவின. அவ்வாய்வுகளைத் தொடக்கமாகக் கொண்டு, நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா ஆகியவை குறித்த பிற்கால மரபணு ஆய்வுகளை ஒப்பிட்டு, கடலூர், சிதம்பரம் பகுதி நோயாளிகளுக்கு அவை எவ்வகையில் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபணு வேறுபாடு, மருந்தியல் மரபியல், நுரையீரல் அடைப்பு நோய், காசநோய், ஐசோநியசிட், கடலூர், சிதம்பரம்.

முன்னுரை

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவே உள்ளது. எனினும் அம்மாவட்டத்தில் மனிதர் சுவாசிக்கும் காற்று ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. கடலூர் நகரின் தெற்கே உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் வேதித் தொழிற்சாலைகள் உள்ளன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இயங்குகின்றன. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையும், சிதம்பரத்தைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களில் விறகடுப்புப் புகையும் அரிசி ஆலைத் தூசியும் அன்றாடம் உட்கொள்ளப்படுபவை. இவற்றுடன் பீடியும் சேர்கிறது.

இப்பகுதியில் நெடுநாள் மூச்சிரைப்போடு மருத்துவமனைக்கு வருபவர் தம் துன்பத்தை ‘இளைப்பு’, ‘இழுப்பு’ என்று கூறுவர். இன்று பரவலாக வழங்கும் சொல் ‘வீசிங்’. இச்சொல் ஆஸ்துமாவையும் குறிக்கிறது, நுரையீரல் அடைப்பு நோயையும் குறிக்கிறது, பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பினால் வரும் மூச்சுத் திணறலையும் குறிக்கிறது. நோயாளியின் பேச்சில் இது குறையன்று. ஆனால் மருத்துவப் பதிவேட்டிலும் அதே சொல் நின்றுவிடும்போது, மரபணு பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை காண இயலாமற் போகிறது. இதன் காரணம் கட்டுரையின் இறுதியில் தெளிவாகும்.

ஒரே வகை அடுப்பில் முப்பதாண்டு சமைத்த இரு பெண்களுள் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. மற்றவர் நலமாக இருக்கிறார். ஒரே மாத்திரையை ஒரே அளவில் உண்ணும் இரு காசநோயாளிகளுள் ஒருவருக்குக் கால்கள் மரத்துப்போகின்றன. மற்றவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. இத்தகைய வேறுபாடுகளை ‘உடல்வாகு’ என்று சொல்லிக் கடப்பது வழக்கம். அவ்வுடல்வாகின் ஒரு பகுதியை மரபணுவின் மொழியில் விளக்க இயலும் என்பதே மருந்தியல் மரபியலின் அடிப்படை.

மரபணு வேறுபாடு செயற்படும் முறை

மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி வேதி எழுத்துகளால் ஆனது. எந்த இருவரை ஒப்பிட்டாலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். இவற்றுள் பெரும்பாலானவை உடலின் செயலில் மாற்றம் எதனையும் தோற்றுவிப்பதில்லை. சில வேறுபாடுகள் மட்டும், ஒரு புரதத்தில் ஓர் அமினோ அமிலத்திற்குப் பதிலாக மற்றொன்றை அமர்த்தியோ, அப்புரதம் உண்டாகும் அளவைக் கூட்டியோ குறைத்தோ பயன் விளைவிக்கின்றன. மாறிய புரதம் நுரையீரலைக் காப்பதாயின் நோய்க்கு இடமாகும் தன்மை மாறும். கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியாயின் இரத்தத்தில் மருந்து தங்கும் நேரம் மாறும். மூச்சுக்குழல் தசையில் மருந்து சென்று பொருந்தும் ஏற்பியாயின் மருந்துக்கு உடல் தரும் மறுமொழி மாறும். இவற்றுள் இரண்டாவதற்கு மருத்துவ வரலாற்றில் மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று சென்னையிலிருந்து கிடைத்ததாகும்.

சென்னையின் ஐசோநியசிட் ஆய்வுகள்

ஐசோநியசிட் 1952-இல் காசநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. விலை மலிவு, வாய்வழியே உண்ணலாம், கிருமியைக் கொல்லும் ஆற்றல் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தை நிறுவின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனச் சேத்துப்பட்டில் இயங்குகிறது. நோயாளியைச் சானட்டோரியத்தில் வைத்துத் தரும் மருத்துவத்திற்கு, வீட்டிலிருந்தபடியே மருந்துண்பது எவ்வகையிலும் குறைந்ததன்று என்று 1959-இல் நிறுவிய ஆய்வினால் அம்மையம் உலகப் புகழ் பெற்றது. அதே காலத்தில் அங்கு நடந்த மற்றோர் ஆய்வு வரிசை மரபியலாளர்களுக்கு வெளியே போதிய அளவு நினைக்கப்படவில்லை.

ஐசோநியசிட்டைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது என்பது 1950-களின் முற்பகுதியிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அம்மருந்தின்மீது அசிட்டைல் தொகுதியை ஏற்றி அதனைப் பயனற்றதாக்குகிறது. விரைவாகச் செய்பவரிடம் மருந்தின் அளவு ஏறத்தாழ 1 முதல் 1½ மணி நேரத்தில் பாதியாகிறது. மெதுவாகச் செய்பவரிடம் அதற்கு 3 மணி நேரம் வரை ஆகலாம். இது குடும்பங்களில் மெண்டலின் விதிப்படி இறங்கி வருவதை எவான்ஸ், மேன்லி, மெக்குசிக் ஆகியோர் 1960-இல் காட்டினர். பெற்றோர் இருவரிடமிருந்தும் ‘மெதுவான’ வடிவத்தைப் பெற்றவரே மெதுவானவர் ஆகிறார். பொறுப்பான மரபணு என்.ஏ.டி.2 என்பது, எட்டாம் குரோமோசோமில் அமைந்துள்ளது, 1990-களை ஒட்டியே அது பிரித்தறியப்பட்டது. சென்னை ஆய்வாளர்கள் மரபணுவைக் காணவில்லை. குறிப்பிட்ட அளவு மருந்தை ஊசிவழிச் செலுத்தி, சில மணி நேரத்திற்குப் பின் இரத்தத்தில் எஞ்சியிருப்பதை அளந்தே நோயாளிகளை இருவகையாகப் பிரித்தனர்.

கங்காதரம், செல்கன், ஃபாக்ஸ் முதலியோர் 1961-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரைகளில் இருந்து மூன்று செய்திகள் இங்கு வேண்டப்படுகின்றன. தென்னிந்திய நோயாளிகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவான வகையினர். ஜப்பானியருள் இவ்வகையினர் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே என்பதை எண்ணினால், ஒரு நாட்டில் முடிவு செய்த மருந்தளவை மற்றொரு நாட்டிற்கு அப்படியே கொண்டுசெல்வதிலுள்ள இடர் விளங்கும். அடுத்து, ஐசோநியசிட் ஒன்றை மட்டும் தந்த நோயாளிகளுள் மெதுவான வகையினர் விரைவான வகையினரைவிட நல்ல பலன் பெற்றனர். மூன்றாவதே வியப்புக்குரியது: ஐசோநியசிட்டுடன் பாஸ் என்னும் மற்றொரு மருந்தையும் நாள்தோறும் சேர்த்துத் தந்தபோது, இருவகையினருக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. மரபணு மாறவில்லை, நோயும் மாறவில்லை, மருத்துவமுறை மாறியதும் மரபணுவின் குரல் அடங்கிவிட்டது.

அக்குரல் பிற்பாடு மீண்டும் எழுந்தது. நாள்தோறும் மருந்துண்ண இயலாதவர்க்காக, மருத்துவப் பணியாளர் முன்னிலையில் வாரத்திற்கு இருமுறை, வாரத்திற்கு ஒருமுறை என இடைவெளி விட்டு மருந்து தரும் முறைகளை அதே மையம் 1960-களில் ஆய்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசினும் மிகுந்த அளவு ஐசோநியசிட்டும் வாரம் இருமுறை தரப்பட்டபோது நற்பலன் கிடைத்தது. வாரம் ஒருமுறை என்றானபோது விரைவான வகையினர் தெளிவாகப் பின்தங்கினர். காரணம் எளிது. மருந்துப் படலம் விலகியபின் கிருமி சில நாள்கள் முடங்கிக் கிடக்கும்; பிறகே மீண்டும் பெருகத் தொடங்கும். ஏழு நாள் இடைவெளியில், மருந்தை விரைந்து அழிக்கும் உடலில் கிருமிக்குக் கிடைக்கும் ஓய்வு மிகுதி. நாள்தோறும் மருந்து வரும்போது அவ்வோய்வுக்கு இடமில்லை. விரைவான வகையினருக்காக மெல்லக் கரையும் ஐசோநியசிட் மாத்திரைகளையும் சென்னையில் சோதித்துப் பார்த்தனர்.

மெதுவான வகையினருக்கும் ஒரு விலை இருந்தது. மிகுந்த அளவு ஐசோநியசிட் உண்டவர்களுள் கை கால் மரத்துப்போதல், உள்ளங்கால் எரிச்சல் ஆகியவை அவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன. ஐசோநியசிட் உடலின் பைரிடாக்சினை, அதாவது உயிர்ச்சத்து பி6-ஐ, குலைப்பதே இதற்குக் காரணம். இங்குச் சென்னை ஆய்வாளர்கள் தேர்ந்த வழி கவனத்திற்குரியது. ஒவ்வொரு நோயாளியையும் சோதித்து மெதுவானவரைப் பிரித்தெடுப்பதைவிட, மிகக் குறைந்த அளவு பைரிடாக்சினை அனைவருக்கும் தருவது எளிது, மலிவு. மரபணுவை அறிந்ததன் பயன் மரபணுச் சோதனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைய ‘தனிநபர் மருத்துவம்’ பற்றிய ஆரவாரத்தில் இது எளிதில் மறக்கப்படுகிறது.

இதன் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். ஜப்பானில் 2013-இல் வெளியான ஆய்வொன்றில் அசுமா குழுவினர் என்.ஏ.டி.2 வகையைச் சோதித்து, மெதுவானவருக்கு வழக்கமான அளவில் பாதியும் விரைவானவருக்கு ஒன்றரை மடங்கும் தந்தனர். மெதுவானவரிடம் கல்லீரல் பாதிப்பும், விரைவானவரிடம் தொடக்ககாலத் தோல்வியும் குறைந்தன. சோதனை எங்கும் எளிதாகக் கிடைக்கும் நிலையில் அளவை மாற்றுவதும் ஒரு நெறியே.

அடைப்பு நோயில் மரபணுவும் புகையும்

காசநோயில் மருந்தைச் சிதைக்கும் மரபணுவைக் கண்டோம். நுரையீரல் அடைப்பு நோயில் கேள்வி நோய் தோன்றுவதிலிருந்தே தொடங்குகிறது. இதில் ஒரு மரபணு மட்டும் தனியாக நின்று நோயை உண்டாக்குவதற்கு நன்கறிந்த சான்று ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு. சுவீடனின் லாரெல், எரிக்சன் இருவரும் 1963-இல் இதனை வெளியிட்டனர். நுரையீரலில் வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்க வெளியிடும் நொதி நுரையீரல் சுவரையே கரைத்துவிடாதபடி தடுப்பது இப்புரதம். இதன் ‘இசட்’ வடிவத்தில் 342-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதில் லைசின் வருகிறது. அதனால் புரதம் கல்லீரலிலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தங்கிவிடுகிறது. கல்லீரல் கெடுகிறது, காவலிழந்த நுரையீரல் காற்றுப் பைகளின் சுவர் அழிகிறது. இங்கும் புகை தன் பங்கை விடுவதில்லை. இக்குறைபாடு உடையோருள் புகைபிடிப்பவர் இளவயதிலேயே நோயுறுகின்றனர். புகைபிடிக்காதவர் பலர் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர்.

‘இசட்’ வடிவம் வட ஐரோப்பிய வழியினரிடம் மிகுதி, இந்தியரிடம் அரிது. எனவே கடலூர் மாவட்டத்து நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு இது விடையாகாது. 2009-க்குப் பின் வந்த முழு மரபணுத் தொகுதி ஆய்வுகள் அடைப்பு நோயோடு தொடர்புடைய பல இடங்களைக் காட்டியுள்ளன. 2019-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில் அவை 82 ஆயின. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அவற்றுள் முதலில் அறியப்பட்ட, பதினைந்தாம் குரோமோசோமிலுள்ள நிக்கோட்டின் ஏற்பி மரபணுக்கள், ஒருவர் எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதோடும் தொடர்புடையவை. அதாவது, நுரையீரல் நோய் மரபணு எனக் கருதப்பட்டதன் ஒரு பகுதி, புகைப்பழக்கத்தை விட இயலாமையின் மரபணுவாகவும் இருக்கலாம்.

இந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினரிடமும் சிகரெட் பிடிப்போரிடமும் நடந்தவை. இந்தியாவில் 2016-இல் ஏறத்தாழ 5.5 கோடி பேர் நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்ந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் வாழ்நாளில் ஒரு பீடியும் பிடிக்காத பெண்கள் பலர். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில் புகைபிடிக்காத பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 2.4 பேருக்கு இந்நோய் இருந்தது. விறகு, சாணவறட்டி, சவுக்கு மிலாறு ஆகியவற்றின் புகையில் நச்சுகளைக் கல்லீரலும் நுரையீரலும் எவ்வாறு முறிக்கின்றன என்பதில் வேறு மரபணுக்களும் ஈடுபடுகின்றன. குளுட்டதையோன் சார்ந்த நொதி மரபணு ஒன்று சிலரிடம் முழுமையாகவே இல்லாதிருக்கிறது. புகை இல்லாத வீட்டில் அவ்விழப்பு பெரிதும் வெளிப்படாமலே போகலாம்.

இழுப்பு மருந்துகளும் உடலின் மறுமொழியும்

மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் போன்ற மருந்துகள் பீட்டா-2 ஏற்பியில் பொருந்திச் செயற்படுகின்றன. அவ்வேற்பியின் 16-ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினினும் சிலருக்குக் கிளைசினும் அமைகின்றன. இருபக்கமும் ஆர்ஜினின் பெற்ற ஆஸ்துமா நோயாளிகள் சால்பியூட்டமாலை நாள்தோறும் முறையாகப் பயன்படுத்தியபோது அவர்களின் மூச்சு வேகம் மேம்படவில்லை என்று 2004-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மருத்துவ உலகம் கலங்கியது. ஆனால் 2009-இல் வெளியான அடுத்த ஆய்வில், நெடுநேரம் செயற்படும் அதே வகை மருந்தை உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தந்தபோது, இருவகையினரும் ஒத்த பலன் பெற்றனர். சென்னையில் பாஸ் சேர்ந்ததும் ஐசோநியசிட் வேறுபாடு மங்கியதோடு இதனை ஒப்பிட்டால், ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே பாடம் வேறொரு நோயில் மீண்டும் கிடைத்திருப்பது புலப்படும்.

தமிழகத்தின் சிற்றூர் மருந்துக் கடைகளில் டெரிஃபிலின் என்ற பெயர் அறியாதவர் குறைவு. எட்டோஃபிலினும் தியோஃபிலினும் சேர்ந்த அம்மாத்திரை மலிவானது. பயன் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. தியோஃபிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் மரபணுவாலும் மாறும். ஆனால் அதனை மிக வலுவாக மாற்றுவது புகையிலைப் புகை. பீடி பிடிப்பவர் உடல் இம்மருந்தை விரைந்து அழிக்கும். அவர் மருத்துவமனையில் சேர்ந்து பீடியை நிறுத்திய சில நாள்களில் நொதியின் வேகம் தணிந்து, அதே மாத்திரை அளவே மிகையாகி, குமட்டலும் படபடப்பும் தோன்றலாம். இதனை முன்னறிய மரபணுச் சோதனை வேண்டியதில்லை. ‘பீடி எப்போது விட்டீர்கள்?’ என்ற கேள்வி போதும்.

பிற நாட்டு முடிவுகளும் தென்னிந்திய நோயாளிகளும்

காசநோயின் மற்றொரு தலையாய மருந்து ரிஃபாம்பிசின். அதனைக் கல்லீரலுக்குள் கொண்டுசெல்லும் கடத்துபுரதத்தின் மரபணு வேறுபாடு இரத்தத்தில் அம்மருந்தின் அளவைக் குறைக்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் கண்டறிந்தனர். தென்னிந்திய நோயாளிகளிடம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதே வேறுபாட்டை ஆய்ந்து, 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், மருந்தளவில் அத்தகைய தாக்கம் இல்லை என்றனர். இவ்வாறான ‘இல்லை’ என்ற முடிவுகள் செய்தியாவதில்லை. ஆயினும் மருத்துவருக்கு அவை ‘உண்டு’ என்பதற்கு இணையாகப் பயன்படுவன.

நோய்க்கு இடமாகும் தன்மையிலும் உள்ளூர்ச் சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர், எச்.எல்.ஏ. டி.ஆர்.2 என்னும் நோயெதிர்ப்பு மரபணு வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தென்னிந்தியரிடையே தொடர்பிருப்பதை 1991-இல் வெளியிட்டனர். இவ்வகையான சான்றுகள் தமிழகத்தில் ஒரு தனித் தேவையையும் எழுப்புகின்றன. சாதிக்குள் மணம், அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் மணம் ஆகியவை தலைமுறைகளாக நிலவிய சமூகத்தில், ஊரளவில் ஒரு மரபணு வடிவம் செறிந்திருக்கக்கூடும். பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதிகளைப் பதிந்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. ‘தென்னிந்தியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிய வேறுபாடுகளை இனி உற்றுநோக்க இயலும்.

கடலூர் – சிதம்பரம் பகுதிக்கான பொருத்தம்

இதுவரை கண்ட சான்றுகள் இம்மாவட்டத்திற்கு இரு திசைகளில் பொருந்துகின்றன. ஒன்று, காசநோய் மருத்துவம். இந்தியத் திட்டத்தில் வாரம் மும்முறை மருந்து தரும் முறை கைவிடப்பட்டு, 2017-இல் நாடெங்கும் நாள்தோறும் மருந்து தரும் முறை வந்தது. விரைவான வகையினரைப் பொறுத்தவரை இது சென்னை ஆய்வுகளின் போக்கோடு ஒத்த மாற்றமே. ஆனால் நோயாளியின் வீட்டாருக்கு நோய் வராமற் காக்கும் தடுப்பு மருத்துவத்தில், ஐசோநியசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வேளை தரும் முறை 2021 முதல் இந்திய வழிகாட்டுதலில் இடம்பெற்றுள்ளது. வாரம் ஒருமுறை என்ற இடைவெளி வேறொரு துணை மருந்துடன் திரும்பியிருக்கிறது. ரிஃபாபென்டின் உடலில் நெடுநேரம் தங்குவது. அதனால் பழைய குறைபாடு ஈடுகட்டப்படுகிறதா என்பதை இரு அசிட்டைல் வகையினரிடமும் தனித்தனியே நோக்குவது, 60 விழுக்காடு மெதுவானவர் வாழும் பகுதியில் பொருளுள்ள ஆய்வாகும். பைரிடாக்சின் தரப்படுகிறதா, கால் எரிச்சல் உண்டா என்று கேட்பது அதற்கும் முன்னதாக வேண்டுவது.

மற்றொன்று காற்று. சிப்காட்டை அடுத்த குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் ஆலை நாற்றத்தைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். 2004-இல் அவ்வூர் மக்களே எளிய வாளிக் கருவியால் காற்று மாதிரிகளைத் திரட்டி ஆய்வகத்திற்கு அனுப்பி, அதன் அறிக்கையை வெளியிட்டனர். இத்தகைய இடத்தில் மரபணு ஆய்வை மேற்கொள்பவர் சொல்லைக் கவனமாக ஆள வேண்டும். ‘நோய் மரபணுவால் வந்தது’ என்ற தொடர், புகையை வெளியிடுபவருக்குச் சாதகமான சான்றாக மாறிவிடக்கூடும். அறிவியல் நோக்கில் அத்தொடரே பிழையானது. எளிதில் தாக்குறும் மரபணு உடையோர் ஓர் ஊரில் மிகுதி என்று தெரியவந்தால், அங்குப் புகையின் வரம்பைத் தளர்த்துவதற்கன்று, இறுக்குவதற்கே அது காரணமாகும்.

இவ்வாய்வு எதற்கும் முதற்படி ஆய்வகத்தில் இல்லை. அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ‘வீசிங்’ என்று வரும் நோயாளி ஸ்பைரோமீட்டரில் ஊதிப்பார்க்கப்பட வேண்டும். மூச்சுக்குழல் தளர்த்தும் மருந்துக்குப் பின் அடைப்பு நீங்குகிறதா, நீங்காது நிற்கிறதா என்பது பதியப்பட வேண்டும். முன்பு காசநோய்க்கு மருந்துண்டவரா, வீட்டில் விறகடுப்பு எத்தனை ஆண்டு எரிந்தது, வயல் வேலையா, ஆலை வேலையா, முந்திரி வறுக்கும் கொட்டகையா என்பவையும் அதே தாளில் வேண்டும். ஆஸ்துமாவும் அடைப்பு நோயும் காசநோய்த் தழும்பும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும் பதிவேட்டிலிருந்து எத்தனை நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து மரபணுவைப் படித்தாலும், மூன்று நோய்களின் மரபணுக்களும் ஒன்றையொன்று மறைத்துவிடும். தொடர்பு இருந்தும் இல்லாதது போலத் தோன்றும்.